ஆடி கழிந்து வரும் விதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் இன்று சாமை அரிசி இல்லாத மளிகைக் கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு ராகிக்களி கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் இந்தத் தானியங்களைக் கடைக்காரர் எவரும் சீந்தாத காலத்திலும் விடாமல் விதைத்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் தடாகம் சாலையில் முப்பது கிலோமீட்டர் போய் ஆனைக்கட்டியில் இறங்க வேண்டும். கொடுங்கரைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. இரண்டு கரையிலும் இருப்பவர்கள் இருளர்கள். அவர்கள் குடியிருப்பை இங்கே பதி என்கிறோம், அங்கே ஊரு என்கிறார்கள். பள்ளத்தில் தண்ணீர் வற்றிய மாதங்களில் நடந்தே தாண்டிவிடலாம்.

அவர்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, மேடையில் ஆடும் ஆட்டம். இல்லாவிட்டால் ரத்தசோகை, குழந்தைச் சாவு. இரண்டுக்கும் நடுவே ஒரு விவசாயம் இருக்கிறது; அதைச் சுற்றித்தான் அவர்கள் வீடும் சாமியும் சாப்பாடும் நிற்கின்றன. அந்த விவசாயத்தின் மாதக் கணக்கு தெரியாமல் கொடுக்கப்படும் உதவி எப்படிப் பாழாகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆனைக்கட்டியும் கிழக்கு அட்டப்பாடியும் மழை மறைவுப் பகுதி. மேற்கே சைலன்ட் வேலிப் பக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை இங்கே வந்து சேரும்போது காற்றும் சாரலுமாக இளைத்துவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் கோடை மழையின் ஈரத்தில் விதைத்து, ஆடிச் சாரலில் பயிரைத் தேற்றி, ஐப்பசி அடைமழை இறங்குவதற்குள் தானியத்தை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். இந்த ஐந்து மாதச் சந்துக்குள்தான் எல்லாமே. கிணறும் போர்வெல்லும் இல்லாத மேட்டுக்காட்டில் வேறு வழி கிடையாது.

ஒரு காட்டில் ஒரே பயிர் என்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. ராகியோ சாமையோ முதன்மைப் பயிர். அதோடு துவரை, அவரை, மொச்சை, கடுகு, கீரை, ஓரத்தில் சோளம். ராகி மட்டும் தூவினால் ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை பிடிக்கும். கலப்பாகப் போடும்போது அதைக் குறைத்துக்கொள்வார்கள். ராகி விதை கடுகைவிடச் சிறியது. வெறும் கையால் வீசினால் கொத்துக் கொத்தாக ஒரே இடத்தில் விழும். ஆகவே காய்ந்த மணலோடு கலந்து தூவுவது. துவரையும் அவரையும் பெரிய விதை, அவற்றைத் தனியாக எட்டு வைத்து எட்டு வைத்துப் போட வேண்டும். பிறகு மண்ணை மேலாகக் கொத்தியோ முள் கிளையை இழுத்தோ மூடுவது. ராகி ஒரு விரற்கடைக்கு மேல் ஆழம் போனால் முளை மேலே வராது. டிராக்டர் கொண்டு ஆழ உழுது விதைத்த காடுகளில் பயிர் சொட்டை சொட்டையாக நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விதையின் மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

இப்படிக் கலந்து போட்ட ஒரு ஏக்கர், வீட்டு அடுப்புக்கு எப்படிப் படியளக்கிறது என்று பாருங்கள். விதைத்த இருபத்தைந்தாம் முப்பதாம் நாளில் கீரை பிடுங்கலாம். மூன்று மாதத்தில் சாமை. நான்கு மாதத்தில் ராகி. அதை அறுத்த பிறகு காடு காலியாவதில்லை. அவரைக் கொடி அந்தத் தாளின் மேலேயே படர்ந்து மார்கழி வரைக்கும் காய்க்கும். தையிலும் மாசியிலும் துவரை. கையில் காசே இல்லாத மாதத்திலும் குழம்புக்கு ஒன்று இருக்கும். அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு போல வளைந்து ஊதா நிறம் ஓடும் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருதுபோல எழுதினார்கள். அந்த விதை எந்த முறையில் நூற்றாண்டுகளாகத் தப்பி வந்தது என்று எழுதியவர்கள் குறைவு.

தப்ப வைத்த முறைக்கு ஒரு பதவி உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் மூப்பன் தலைவர், பண்டாரி கணக்கும் பொதுச் சொத்தும் பார்ப்பவர், குறுதலை செய்தி சொல்லி ஆள் கூட்டுபவர். நான்காவது ஆள் மண்ணுக்காரன். விதைப்பை எந்த நாள் தொடங்குவது, எந்தச் சரிவில் எதைப் போடுவது, எதைத் தரிசாக விடுவது என்பது அவர் பொறுப்பு. மண்ணைக் கும்பிட்டு முதல் பிடி விதையை அவர்தான் போடுவார். அவர் போடாமல் மற்றவர்கள் போடுவதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது சடங்கு. காட்டில் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரியும். கோடை மழை ஏமாற்றும். முதல் மழைக்கு அவசரப்பட்டு விதைத்தால் முளைத்த பயிர் அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். விதையும் போச்சு, மறு விதைப்புக்கு ஈரமும் போச்சு. ஊரில் ஒருவர் சொல்லும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் மொத்த ஊரின் விதையும் முதல் மழையிலேயே சூதாடப்படாது. எல்லாரும் ஒரே வாரத்தில் விதைத்தால் எல்லாக் காடும் ஒரே வாரத்தில் பால் பிடிக்கும். குருவியும் பன்றியும் ஒரே காட்டில் விழுந்து அதை மட்டும் அழிக்காது, காவலும் ஊர்க் காவலாக இருக்கும்.

கம்பளம் என்கிற கூட்டு விதைப்பும் அப்படித்தான். பொறை, தவில், கொகல், ஜால்ரா வாசிப்பவர்கள் முன்னே நிற்க, ஊர் மொத்தமும் வரிசையாக நின்று ஒருவர் காட்டைக் கொத்தி முடித்து அடுத்தவர் காட்டுக்குப் போகும். இதன் படத்தைச் சுற்றுலா விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். சரிவு நிலத்தில் மழை பெய்த ஈரம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். ஒரு குடும்பம் தனியாகக் கொத்தினால் ஒரு ஏக்கர் முடிவதற்குள் மேல் மண் காய்ந்துவிடும். தவிலின் அடிக்குக் கொத்து விழுந்தால் யாரும் பின்தங்க மாட்டார்கள். கம்பளம் நின்றுபோன ஊர்களில் காடு பாதி விதைத்துப் பாதி கிடக்கக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல, ஆள் கணக்கு. வாலிபர்கள் கூலிக்குக் கோவைக்குப் போய்விட்டால் வரிசை எப்படி நிற்கும்? தடாகம் செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டபோது பக்கத்திலேயே இருந்த அந்தக் கூலியும் போய், இன்னும் தூரம் போக வேண்டி வந்தது.

இனி விதைக்கு வருவோம். அரசின் பணம் ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. ஒதுக்கீடு, ஒப்புதல், விலைப்புள்ளி, கொள்முதல் என்று கோப்பு நகர்ந்து விதை மூட்டை பதிக்கு வந்து இறங்கும்போது ஆடி முடிந்திருக்கும். எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்று பேர் சொல்லி யாரையும் இழுக்க விருப்பம் இல்லை; நிதியாண்டின் ஓட்டமே அப்படி. ஆடிக் கடைசியில் விதைத்தால் என்ன ஆகும்? ராகி அறுபது எழுபது நாளில் கதிர் விடும். அதாவது ஐப்பசியில், அடைமழைக்கு நடுவில். நனைந்துகொண்டே இருக்கும் கதிரின் கழுத்தில் குலைநோய் கறுப்பாகப் பிடிக்கும். மேலே கதிர் வெள்ளையாகச் சப்பையாக நிற்கும். தொண்ணூறு நாள் சாமை அதே மழையில் முற்றும். அறுக்க முடியாது, அறுத்தாலும் காயப்போட வெயில் இல்லை, தாளிலேயே முளைத்துவிடும். பார்க்க வரும் அலுவலர் "விளைச்சல் இல்லை, ஆர்வமும் இல்லை" என்று எழுதிக்கொண்டு போவார். அடுத்த ஆண்டு சிறுதானியத்துக்குப் பதிலாக வாழைக் கன்று வரும். யானைக்கு அது இன்னும் பிடிக்கும்.

வரும் விதையிலும் கோளாறு உண்டு. நாற்பது வீட்டுக்கும் ஒரே ரக ராகி, ஒரே மூட்டை. கலப்புக்கு வேண்டிய துவரையும் அவரையும் அதில் இராது. சில வேளை குறுகிய வயதுத் துவரை வரும், நூற்றுப்பத்து நூற்றிருபது நாள் ரகம். சமவெளியில் அது நல்ல ரகம்தான். இங்கே ஜூனில் போட்டால் காய் முற்றும் நேரமும் வடகிழக்கு மழையும் ஒன்றாக வரும். காய் செடியிலேயே நனைந்து கெடும், தப்பிய காயில் காய்ப்புழு விழும். உள்ளூர்த் துவரை மெதுவாக வளர்ந்து மழை ஓய்ந்த பிறகு காய் பிடிப்பது. அந்த மெத்தனம்தான் அதற்குப் பாதுகாப்பு.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது வீடுள்ள ஒரு பதி, வீட்டுக்கு ஒரு ஏக்கர், ஏக்கருக்கு 5 கிலோ ராகி என்றால்கூட மொத்தம் 200 கிலோ விதை. 2025-26-க்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அந்த விலைக்கு 200 கிலோ பத்தாயிரம் ரூபாய்க்கும் உள்ளே. விதை என்பதற்காக இரட்டை விலை கொடுத்தாலும் இருபதாயிரத்தைத் தாண்டாது. இந்த விதை வெளியூரிலிருந்து லாரியில் வரவேண்டியதும் இல்லை. அறுவடை முடிந்த கையோடு பக்கத்துப் பதியிலேயே இருக்கும். நல்ல காட்டில் நின்ற பயிரிலேயே பெரிய கதிராகப் பார்த்துத் தனியாக அறுத்து, சாணி மெழுகிய கூடையில் போட்டு, அடுப்புப் புகை படும் இடத்தில் வைத்திருப்பார்கள். துவரைக்கு வண்டு எதிரி. அதைச் செம்மண் குழம்பில் புரட்டி வெயிலில் காயவைத்து வைப்பார்கள். விதை தேறுமா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம்: நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்தால், ராகி மூன்றாம் நான்காம் நாளில் சொல்லிவிடும், எண்பதுக்குக் குறையாமல் முளைத்தால் போடலாம். மண்ணுக்காரரும் மூப்பனும் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். கொள்முதல் விதிப்படி முடியாது என்றால் விதியில் ஒரு வரி சேர்க்கலாமே.

நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை எந்த மதத்தில் சேர்ப்பது என்பதில் பல பேருக்கு அக்கறை இருக்கிறது. மலை ஏறி வருகிறவர்கள் பல கொடியோடும் வருகிறார்கள். மல்லீஸ்வரன் முடியை அண்ணாந்து பார்த்தபடிதான் அட்டப்பாடி ஊருகள் இருக்கின்றன. சிவராத்திரிக்கு விரதம் இருந்த ஆட்கள் மேலே ஏறி விளக்கு ஏற்றுவார்கள். ஊருக்குள் மாரியம்மன் உண்டு. இவற்றுக்கெல்லாம் அடியில் செத்துப்போன முன்னோர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இறந்தால் புதைப்பதோடு காரியம் முடிவதில்லை. பின்னால் சீர் என்று ஒன்று நடக்கும், இரவு முழுக்கத் தவிலும் ஆட்டமும், சம்பந்தக்காரர்கள் எல்லாரும் வந்தாக வேண்டும். புதுத் தானியம் வந்தால் முதல் பங்கு தெய்வத்துக்கு, பிறகுதான் வீட்டுக்கு. எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: புதைகாடும் சாமிக்கல்லும் அவர்கள் நிலத்துக்குச் சட்டப்படியான சாட்சி.

எப்படி என்றால், 2006-ன் வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வனநிலத்தில் இருந்து பயிர் செய்து வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரைக்கும் உரிமை தருகிறது. விற்க முடியாது, வாரிசுக்குப் போகும், கணவன் மனைவி இருவர் பேரிலும் எழுதப்பட வேண்டும். மனு முதலில் போவது கிராம சபைக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். பத்திரமோ வரி ரசீதோ இல்லாதவர்கள் இங்கே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே கல் வரப்பு, கிணறு, புதைகாடு, வழிபாட்டு இடம் ஆகியவை சான்றாகச் சொல்லப்பட்டுள்ளன. மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கினால் அதுவும் சான்று. செயற்கைக்கோள் படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, மற்றச் சான்றுகளுக்குப் பதிலாக அதை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக் கூடாது. இது தெரிந்து மனு எழுதுகிற ஊரில் வேலை நடக்கிறது.

நடைமுறையில் பெரிய சறுக்கல் தரிசில். பழைய முறையில் ஒரு சரிவில் இரண்டு மூன்று வெள்ளாமை எடுத்தபின் அதைச் சில ஆண்டு சும்மா போடுவார்கள். புல்லும் செடியும் ஏறி மண் தேறட்டும் என்று. அளக்க வருபவர் கண்ணுக்கு அந்த ஆண்டு பயிர் நிற்கும் துண்டு மட்டுமே "அனுபவம்". தேறிக்கொண்டிருக்கும் தரிசு காடாகக் கணக்காகிவிடும். ஐந்து ஏக்கர் ஆண்ட குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கருக்குத்தான் உரிமைச் சீட்டு கிடைக்கும். பிறகு அதே ஒன்றரை ஏக்கரில் ஆண்டு தவறாமல் விதைக்க வேண்டியதாகி, மண் செத்துப்போகும். ஆகவே அளவைக்கு முன்பே மூப்பனும் மண்ணுக்காரரும் கூட நின்று தரிசுத் துண்டுகளின் பேரையும் எல்லையையும் கிராம சபைத் தீர்மானத்தில் எழுதிவைப்பது நல்லது. ஒவ்வொரு துண்டுக்கும் அவர்களிடம் பேர் உண்டு.

சீட்டு இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். யானையும் பன்றியும் தின்ற பயிருக்கு இழப்பீடு கேட்டால் முதல் கேள்வி நில ஆவணம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பி.எம். கிசானுக்கும் அதுதான். கூட்டுறவுக் கடனுக்கும் அதுதான். அட்டப்பாடியில் இந்தப் புண் இன்னும் ஆழம். 1951-ல் அங்கே பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-ல் பாதிக்கும் குறைவு. பறிபோன நிலத்தை மீட்கக் கேரளம் 1975-ல் சட்டம் போட்டது. விதிகள் வரப் பதினோரு ஆண்டு ஆயிற்று. 1999-ல் வந்த புதுச் சட்டம் 2 ஹெக்டேர் வரை கைமாறிய நிலத்தை வைத்திருப்பவரிடமே விட்டுவிட்டு, பழங்குடிக்கு வேறு நிலம் தருவதாகச் சொன்னது. வேறு நிலத்தில் அவர்கள் புதைகாடு இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது உமி. ராகிக்கு உமி இல்லை, இடித்தோ அரைத்தோ சாப்பிடலாம். சாமைக்குக் கெட்டியான உமி. உரலில் குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, 10 கிலோ சாமையிலிருந்து 6 கிலோ அரிசி, மிஞ்சினால் ஆறரை எடுப்பதற்குள் பெண்களின் காலைப் பொழுது முழுக்கப் போய்விடும். ரேஷன் அரிசி கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சோறு. சாமை விதைப்பது குறைந்ததற்குக் காட்டில் காரணம் தேடுகிறோம். காரணம் உரலடியில் இருக்கிறது.

மிஷின் கொடுத்தார்களே என்பீர்கள். நெல் அரைக்கும் மில்லில் சாமையைப் போட்டால் பாதி நொய்யாகும், பாதி உமியோடு வரும். சாமைக்கென்று தனி உமி நீக்கும் மிஷின் உண்டு, ஒன்றோ இரண்டோ எச்.பி. மோட்டார், சிங்கிள் பேஸில் ஓடும். ஆனால் அது மட்டும் போதாது. முதலில் கல் பிரித்து, சலித்து, தானியத்தை அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் போட்டால் பெரிய மணி உடையும், சின்ன மணி உமியோடு தப்பிப் போகும். பிறகு உமி நீக்கி, கடைசியில் காற்றில் உமியை ஊத வேண்டும். மூன்றில் நடுவில் உள்ளதை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஓட்டத் தெரியவில்லை" என்பார்கள். ஈரமும் கவனிக்க வேண்டும்: பத்து பன்னிரண்டு சதவீத ஈரத்தில் உமி சுலபமாகக் கழலும்; பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. மாலை நேரம் வோல்டேஜ் இறங்கினால் மிஷினின் வேகம் குறைந்து உமி கழலாது; காலையில் ஓட்டுவதே சரி. ஒரே நாளில் மூட்டை மூட்டையாக உமி நீக்கி வைக்கவும் கூடாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு நாற்றம் வரும். உமியோடு கிடக்கும் வரை ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகவே டவுனில் ஒரு பெரிய மில் கட்டுவதைவிட, இரண்டு மூன்று பதிகளுக்கு நடுவில் ஒரு சின்ன செட்டும், பக்கத்தில் ஒரு சிமெண்ட் களமும் உருப்படியான காரியம். களம் முக்கியம். மண் தரையில் அடித்த தானியத்தில் கல் விழும்; கல் விழுந்த தானியத்துக்கு வியாபாரி விலையைப் பாதியாக்குவார், மிஷினும் கெடும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், தீட்டிய அரிசியில் 10 அளவுக்குத்தான். 2013-ல் அட்டப்பாடியில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது தாய்மார்களின் ரத்தசோகை பேசப்பட்டது, சமூகச் சமையலறைகள் திறக்கப்பட்டன. 2017-ல் சிறுதானிய கிராமத் திட்டமும் வந்தது. அரிவாள் செல் ரத்தசோகை பரம்பரையாக வருவது. அதற்குப் பரிசோதனையும் மருத்துவமும் தனியாக வேண்டும், ராகி தின்றால் போய்விடும் என்று யாரும் நம்ப வேண்டாம். நம் பக்கத்தில் 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். ஆனைக்கட்டி மலைப் பதிகளின் கடைகளுக்கும் அதைத் தரலாம். அதற்கான ராகியைப் பதியிலேயே ஆதரவு விலைக்கு எடுத்தால் சாக்குக்கூட மலை இறங்க வேண்டியதில்லை.

கடைசியாக எல்லைக் காகிதங்கள். இருளர்களில் சம்பர், குறுநகர், கல்கட்டி, வெள்ளகை என்று பன்னிரண்டு குலம் சொல்வார்கள். ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. அதனால் பெண் எடுப்பதும் கொடுப்பதும் பள்ளத்தைத் தாண்டியே போகும். ஜம்புகண்டியிலோ தூமனூரிலோ பிறந்த பெண் சோலையூர்ப் பக்கம் வாழ்வது அவர்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. அரசுக்கு வேறு மாநிலம். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர், கேரளத்தில் தாசில்தார். ஒரு மாநிலத்துப் பழங்குடி இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே அந்தச் சலுகை கிடையாது, சாதிப் பேர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும். தாய்வீட்டு ரேஷன் கார்டில் பேர் நீக்கிய சான்று வராமல் புகுந்தவீட்டு கார்டில் சேர்க்க மாட்டார்கள். தமிழில் உள்ள காகிதத்தை மலையாளத்தில் கேட்பார்கள். நடுவில் மாதக்கணக்கில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கத்திலும் அரிசி இல்லை. அந்த மாதங்களில் அவள் கர்ப்பிணியாக இருப்பதும் உண்டு.

இதைவிட விசித்திரம் இன்னொன்று. தமிழ்நாட்டில் இருளர் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் பட்டியலில் இருக்கிறார்கள். கேரளத்தில் இருளர் பழங்குடி மட்டுமே, அந்தப் பட்டியலில் இல்லை. 2023 நவம்பர் 15-ல் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டம் அந்தப் பட்டியலுக்கு மட்டுமானது. எனவே வீடு, சாலை, குடிநீர், நடமாடும் மருத்துவ வண்டி என்று அந்தத் திட்டத்தில் வருவது அண்ணன் இருக்கும் கரைக்கு உண்டு, தம்பி இருக்கும் கரைக்கு இல்லை. பட்டியலைத் திருத்துவது தில்லியின் வேலை, நாளாகும். ஆனால் மாதம் ஒரு நாள் ஆனைக்கட்டியில் இரு மாநில வருவாய், உணவு வழங்கல் அலுவலர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கார்டு மாற்றத்தையும் சான்றையும் அங்கேயே முடிப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கத்து மாவட்ட ஆட்சியர்கள் நினைத்தால் போதும்.

விதை விஷயத்தில் மட்டும் நாள் தள்ள முடியாது. துவரை தையிலும் மாசியிலும் கைக்கு வரும். சாமையும் ராகியும் அதற்கு முன்பே கூடைக்குள் போயிருக்கும். விதைக் காசு மாசிக்குள் பதிக்கு வர வேண்டும். பங்குனி பிறந்தால் வீட்டில் அரிசி குறையும். மிச்சம் உள்ள சாமையைக் குத்திச் சாப்பிட்டுவிடுவார்கள், வேறென்ன செய்வார்கள்.

இப்படிக்கு,
ஆனைக்கட்டி வட்டார வாசகர்கள் சிலர்